நொய்யல் கரைக் கிருமிக்குப் பூ கேட்டோம்

1

இன்று தைப்பூசம். நம் ஊரில் நீங்கள் எல்லாரும் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றி முடித்து, ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பீர்கள். இங்கே போர்ச்சுகலின் வடக்கு மூலையில் இப்போதுதான் விடிகிறது. மழை பெய்துகொண்டே இருக்கிறது. முருகன் படத்துக்கு விளக்கேற்றி, பஞ்சாமிர்தம் பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேரீச்சை, வாழைப்பழம், தேன் எல்லாம் கிடைத்தது. வெல்லத்துக்குப் பதில் இந்த ஊர்ப் பழுப்புச் சர்க்கரை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சென்ற தைப்பூசத்தன்று எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுதிப் பழகியவள் இல்லை நான். சோமனூரில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணம் ஆகும்வரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் இந்த ஊர்க் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. மகள் கிருத்திகா அப்போது எட்டாவது முடித்திருந்தாள். மூன்று பேருமாக வந்தோம். வந்தவர்கள் இருந்துவிட்டோம்.

2

வந்த புதிதில் என் வீட்டுக்காரர் கடையில் நன்றி சொல்வதைக் கேட்டு நானும் "ஒப்ரிகாதோ" என்று சொல்லப் பழகினேன். வெகு காலம் கழித்துக் கிருத்திகாதான் சொன்னாள்.

"அம்மா, அது ஆம்பளைங்க சொல்றது. நீங்க ஒப்ரிகாதான்னு சொல்லோணும்."

"நன்றியில கூடவா ஆம்பளை பொம்பளை?"

"இந்த ஊருல மேசைகூடப் பொம்பளைதானுங்கம்மா."

மேசையை இவர்களும் மேசா என்கிறார்கள். சன்னலுக்கு சனேலா. இத்தனை சாமான் நம் வீட்டில் இவர்கள் பேரில் இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அது தெரிந்ததால் பாஷை வந்துவிடவில்லை. இன்னும் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் பாதி பேச்சைக் கையால்தான் பேசுகிறேன்.

பேர் விஷயம் அதைவிட மோசம். இங்கே ஆளுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று வேண்டும். நமக்கு ஏது? அப்பா பேரின் முதலெழுத்தோடு சரி. காகிதங்களில் மூன்று பேருக்குமே நாச்சிமுத்து என்று போட்டுவிட்டார்கள். வெளிநாட்டார் கார்டு வாங்கும் அலுவலகத்தில் "நாசிமுட்டோ" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்போம். கவுண்டரில் இருக்கும் அம்மா மூவரையும் பார்த்துவிட்டு எந்த நாசிமுட்டோ என்று கேட்பாள். நானும் ஒரு நாச்சிமுத்து என்று சொல்லிக்கொள்ள முதலில் வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரரின் பேரை வாயால் சொல்லாமல் வளர்ந்தவள் நான்.

கிருத்திகாவுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. தண்ணீரில் விட்ட மீன் மாதிரி போய்விட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தன்னையறியாமல் இந்த ஊர்ப் பேச்சில் பதில் சொல்வாள். கல்லூரிக்குப் போன பிறகு சாமி அறைப் பக்கம் வருவதும் நின்றது. கேட்டால், "நீங்க கும்புடுங்கம்மா, எனக்குஞ் சேத்து" என்பாள். வளர்ந்த பிள்ளையை எத்தனை தூரம் வற்புறுத்துவது. அவளுக்கும் சேர்த்தே கும்பிட்டேன்.

3

படித்து முடித்ததும் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. என்ன வேலை என்று நம் உறவுக்காரர்கள் போனில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல கிருமி பாக்கறா" என்பேன். கேட்டவர்கள் அவள் கம்ப்யூட்டருக்கு வைரஸ் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பச்சைப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளே உட்கார்ந்து சொன்னாள். மண்ணில் இருக்கும் சில கிருமிகள்தான் நாம் சாப்பிடும் பல மருந்துகளை முதலில் செய்தவை. ஒவ்வொரு கிருமிக்குள்ளும் மரபணுக்கள் நீள வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையைப் படித்து, எந்த இடத்தில் மருந்து செய்யும் மரபணுக்கள் கூட்டமாக இருக்கின்றன என்று கம்ப்யூட்டரை வைத்துக் கணிப்பது அவள் வேலை.

"சோசியமா கண்ணு?"

"சோசியமில்லீங்கம்மா. இப்பப் பாருங்க. நம்ம ஊருல ஒரு தெருவுல மொதல்ல நிட்டிங் ஓடுது. அடுத்த கட்டடத்துல டையிங். அப்பறம் கட்டிங், ஓவர்லாக், அயனிங், பேக்கிங். நீங்க எங்கயும் உள்ள போக வேண்டாம். தெருவுல நடந்தாலே அங்க என்ன ஆகுதுன்னு சொல்லிருவீங்கல்ல?"

"பனியன் ஆகுது."

"அவ்வளவுதான் என் வேலை. கிருமியோட தெருவுல நடக்கறது."

"நடுவுல ஒரு டீக்கடை இருந்தா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுதானுங்கம்மா ரோதனை. கம்ப்யூட்டரு டீக்கடையையும் கம்பெனின்னு சேத்துப்போடும். சிலப்பக் கடைசிக் கட்டடத்தை உட்டுப்போடும். எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு எல்லை புடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்."

அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "டீக்கடை இல்லாம எந்தக் கம்பெனி கண்ணு ஓடுது? சேத்தது சரிதான்."

அப்பாவும் மகளும் பேசிச் சிரித்தே வெகு நாளாகியிருந்தது. பயற்றை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

அதற்குச் சில மாதம் கழித்து ஒருநாள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, ஓடியாங்க, இதைப் படிங்க" என்று கூப்பிட்டாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். பொடி எழுத்தில் இங்கிலீஷில் திருப்பூர் என்று இருந்தது.

நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், நொய்யல் கரையில் சாயத்தண்ணீர் தேங்கின மண்ணிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, அதன் வரிசையைப் படித்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஊர்க் கிருமிகளுக்கு நடுவில் இவள் கண்ணில் அது பட்டது. அவளுடைய கணிப்பில் அந்தக் கிருமிக்குள் ஒரு கூட்டம் இருந்தது. தெரிந்த எந்த மருந்தின் கூட்டத்தையும் போல அது இல்லை.

அந்தக் கிருமியை இங்கே வரவழைக்க அவள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே ஓர் அனுமதி, இங்கே ஓர் அனுமதி, அந்தக் கல்லூரியோடு ஓர் ஒப்பந்தம். நானும் அப்போது என் கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும் வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிருமி எனக்கு முந்திக்கொண்டது.

"எனக்கு முன்னால அதுக்கு விசாக் குடுத்துட்டாங்களா?"

"அதுக்குக் கைரேகை எடுக்க வேண்டாமல்லங்கம்மா."

வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. கணித்தது கணித்தபடி உண்மையா என்று பார்க்க, கிருமியை வளர்த்து, அது எதையாவது செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவளுடைய வேலைக்காலம் முடிவதற்குள் ஒரே ஒரு கிருமியைத்தான் அப்படிச் சோதிக்க முடியும். அவள் கையில் இரண்டு இருந்தன. ஒன்று நம் ஊருடையது. இன்னொன்று இந்த நாட்டுக் கடலோர மண்ணில் எடுத்தது. கடலோரக் கிருமியின் கூட்டம் ஏற்கெனவே தெரிந்த மருந்து ஒன்றின் கூட்டத்தைப் போலவே இருந்தது. அதை வளர்த்தால் பெரிய அதிசயம் ஒன்றும் வராது, ஆனால் வெறுங்கையாகவும் போகாது. நம் ஊர்க் கிருமி செய்வது உலகம் பார்க்காத ஒன்றாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் கம்ப்யூட்டரின் பிரமையாகவும் இருக்கலாம்.

ஏதாவது வந்தால் வேலையை நீட்டிப்பார்கள், எங்களோடு இருப்பாள். வராவிட்டால் வேறு நாட்டுக்குத்தான் போக வேண்டும். அவள் படிப்புக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடையாது. எங்களால் அவள்கூடப் போக முடியாது. இவருடைய சாயப்பட்டறை இங்கே இருக்கிறது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரியும் என்பதால் யாரும் வாய் திறந்து பேசவில்லை.

5

பூ கேட்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் வழக்கத்தில் வெள்ளைப் பூ என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, கேட்க வேண்டியதை மனதில் கேட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். கேட்டுவிட்டால் மீறக் கூடாது. எனக்கு முதலில் வந்த வரன் காங்கேயத்தில் எண்ணெய் மில்காரர் வீடு. சிவப்பு வந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் ஆளனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார். அடுத்தது இவர், வெள்ளை. "அன்னிக்கு மட்டும் சிவப்பு வராம இருந்திருந்தா இன்னேரம் நீ எண்ணெயில மெதந்துட்டு இருந்திருப்பே" என்று இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார்.

போன தைப்பூசத்துக்கு நான் பூசைக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது கிருத்திகா சாமி அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, பூ கேட்டுப் பாக்கலாமுங்களா?"

கேலி செய்கிறாளோ என்று நிமிர்ந்தேன். இல்லை. சரியாகத் தூங்காத முகம்.

"எதுக்கு கண்ணு?"

"நம்ம ஊர்க் கிருமியை எடுக்கட்டுமான்னு. எனக்கு அதுமேலதான் மனசு போகுது. ஆனா ஊருப் பேரைப் பாத்து ஆசைப்படறேனா, நெசமாவே அதுல விசயம் இருக்குதான்னு எனக்கே தெரியிலீங்கம்மா. யாரையாவது கேட்டா தேவலைன்னு இருக்குது."

எத்தனை வருஷம் கழித்து அவள் அந்த அறை வாசலுக்கு வந்திருந்தாள். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வருமா?

அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் இங்கே எங்கே போவது. இந்த ஊரில் மழைக்காலத்தில் கமேலியா என்று ஒரு பூ பூக்கும். ரோஜா மாதிரி இருக்கும், வாசம் இருக்காது. தெருமுனைத் தோட்டத்தில் சிவப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு. வீட்டுக்காரர் அந்த வீட்டம்மாவைக் கேட்டு இரண்டு பறித்து வந்தார். வாழை இலைக்குப் பதில் இங்கே வீட்டுக்கு வீடு வளர்க்கும் கோஸ் இலை. மடித்து வைத்தால் இரண்டு போண்டாப் பொட்டலம் மாதிரி இருந்தது. கீழ்வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒருத்தி இருக்கிறாள், மரியா. நான் மாரியாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவளை அவள் அம்மாவிடம் கேட்டு அழைத்து வந்தோம்.

சூடம் ஏற்றினேன். "முருகா, என் பிள்ளை நம்மூருக் கிருமியை எடுக்கட்டுமா" என்று கேட்கத்தான் கண்ணை மூடினேன். உள்ளே வந்தது அது இல்லை. இவள் எங்களோடேயே இருப்பாளா, அப்பனே, இருப்பாளா என்றுதான் வந்தது. அதை விலக்கிவிட்டு மற்றதைக் கேட்பதற்குள் மரியா ஒரு பொட்டலத்தை எடுத்து என் முழங்காலில் தட்டிவிட்டாள்.

பிரித்தோம். சிவப்பு.

மரியா பூவைக் காதில் வைத்துக்கொண்டு பஞ்சாமிர்தம் கேட்டாள். கிருத்திகாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு தடவை போதாதுங்கம்மா. எங்க வேலையில எதையும் மூணு தடவை பண்ணித்தான் நம்புவோம்."

"சாமிகிட்ட அப்படிக் கேக்கக் கூடாது கண்ணு. நம்பலைன்னு ஆயிரும்."

"நம்பறதுக்குத்தானுங்கம்மா மூணு தடவை."

"என் வரனுக்கு உங்கம்மா ஊட்டுல மூணு தடவை கேட்டிருந்தா என்ன ஆயிருக்குமோ" என்றார் இவர். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சரி, கேட்டாச்சு. கடலோரத்தையே எடுத்துக்கறேன்" என்று எழுந்து போனாள்.

6

ஒரு வாரம் போயிருக்கும். கடலோரக் கிருமிக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்ய ஆரம்பித்தாள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பிடுவாள், கழுவி வைப்பாள், போவாள். முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் கையைக் கழுவாமல் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு வருகிறவள்.

எனக்கோ தூண்டிலில் மாட்டின மாதிரி இருந்தது. அந்தச் சிவப்புப் பூ அவள் கேள்விக்கு வந்ததில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயால் ஒன்றைச் சொல்லி மனதில் வேறொன்றைக் கேட்டால், சாமி மனதில் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். இருப்பாளா என்று கேட்டேன். இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் நான் பேசாமல் இருந்துவிட்டால் அவள் கடலோரக் கிருமியை எடுப்பாள், அதில் ஏதாவது வரும், இங்கேயே இருப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மகள் வீட்டில் இருப்பாள், மகளின் மனசு இருக்காது.

விளக்கேற்றப் போனால் முருகன் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. படத்தைத் துடைப்பதுபோலத் துணியைப் போட்டுப் போட்டு எடுத்தேன்.

சனிக்கிழமை சந்தைக்கு அவளும் நானும் போய்வந்தோம். திரும்பும்போது மழை. ஒரு குடைக்குள் ஒட்டிக்கொண்டு நடந்தோம். அவள் கையில் காய்கறிப் பை, என் கையில் குடை.

"கிருத்தி, அன்னிக்கு வந்த பூ உனக்கில்லை."

"என்னங்கம்மா?"

"உன் கேள்வியை நான் சாமிகிட்டக் கேக்கவே இல்லை. கேக்கோணும்னுதான் கண்ணை மூடுனேன். வேற ஒண்ணு வந்து முந்திக்கிச்சு."

அவள் நின்றுவிட்டாள். குடை முன்னால் போய்விட்டது. அவள் தலையில் மழை விழுந்தது. பின்னால் வந்து பிடித்தேன்.

"வேற என்ன கேட்டீங்க?"

"நீ எங்ககூடவே இருப்பியான்னு."

ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. பிறகு என் தோள் நனைகிறது என்று குடையை என் பக்கம் சாய்த்தாள்.

"இதை எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாமில்லீங்கம்மா. நான் இங்கயேதான் இருந்திருப்பேன்."

"அதான் சொல்றேன்."

"அப்ப என் கேள்விக்குப் பதிலு?"

"இன்னொரு தடவை வேணும்னாக் கேப்போம். உன் கேள்வியை இன்னும் கேக்கவே இல்லையல்ல."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாமுங்கம்மா. சிவப்பு வந்தப்ப எனக்கு அழுகை வந்துச்சு. அதுலயே தெரிஞ்சு போச்சு எது வேணும்னு."

திங்கட்கிழமை நம் ஊர்க் கிருமியை எடுத்தாள்.

7

கிருமி நன்றாக வளர்ந்தது. அவளுக்குப் பிடித்த பிள்ளை மாதிரி தினமும் அதைப் பற்றிச் சொல்வாள். மஞ்சளாக வளர்கிறது, ஓரம் சுருங்குகிறது, மண்வாசம் அடிக்கிறது என்பாள். ஆனால் மருந்து மட்டும் வரவில்லை. கூட்டம் இருக்கிறது, கணிப்பு தப்பில்லை, அந்த மரபணுக்கள் வேலை செய்யாமல் சும்மா இருக்கின்றன என்றாள்.

"கம்பெனி இருக்குது, ஆனா கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்குதுங்கம்மா. ஆர்டர் வந்தாத்தான் தொறக்கும்போல."

என்ன ஆர்டர் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படிப் பேசாமல் இருக்கும் கூட்டங்கள் நிறைய உண்டாம். இனிப்பு கொடுத்தார்கள், குளிரில் வைத்தார்கள், வேறு கிருமியைப் பக்கத்தில் குடி வைத்துப் பார்த்தார்கள். வேலைக்காலம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது, வந்தால்தானே நீட்டிப்பார்கள். டென்மார்க்கில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள், பேசாத கூட்டங்களைப் பேச வைப்பதுதான் எங்கள் வேலை, கிருமியோடு வா என்று கூப்பிட்டார்கள். ஐப்பசி மாதம் கிளம்பினாள்.

விமான நிலையத்தில் நான் அழவில்லை. இவர்தான் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். எங்கள் மூன்று நாச்சிமுத்தில் ஒருத்தி உள்ளே போனாள். திரும்பி வந்த வீட்டில் அவள் அறைக் கதவைச் சாத்துவதா திறந்தே வைப்பதா என்று தெரியாமல் ஒருக்களித்து வைத்தேன்.

முருகன்மேல் வருத்தம் உண்டா என்று கேட்டால் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். எனக்குப் பிடித்த பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமா?

இவ்வளவும் எழுதி, அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. கிருத்திகா. தைப்பூசத்துக்குக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன், இத்தனை வெள்ளென எதிர்பார்க்கவில்லை.

"அம்மா, பேசிருச்சு."

"யாரு?"

"நம்மூருக் கிருமிங்கம்மா. நேத்து மூணாவது தடவையும் வந்துருச்சு, அதான் சொல்றேன். புதுசா ஏதோ செய்யுது. என்னன்னு இன்னும் தெரியாது. மருந்தாகலாம், ஆகாமயும் போகலாம்."

"எப்படி கண்ணு பேசுச்சு?"

"உப்புங்கம்மா. சாயத்தண்ணியில இருக்கற உப்பு. அது பொறந்த மண்ணுல இருந்த அளவுக்கு உப்பைப் போட்டோம், எந்திரிச்சுக்கிச்சு."

சந்தோஷம் என்றேன். பிறகு கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டேன். "அப்படின்னா இங்கயே திரும்பி வந்துருவியா?"

"இல்லீங்கம்மா. இது ஆரம்பம்தான். இங்க இன்னும் மூணு வருசத்துக்குச் சேத்து வேலை குடுத்திருக்காங்க."

"சரி சாமி" என்றேன். குரல் கலங்காமல் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அதற்குள் இவர் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். உப்பு என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. ஆயுசு முழுக்கச் சாயத் தொட்டியில் மூட்டை மூட்டையாக அந்த உப்பைக் கொட்டினவர். போனை வாங்கி, மகளுக்கு வாழ்த்துக்கூடச் சொல்லாமல், "லிட்டருக்கு எத்தனை கிராம் கண்ணு போட்டீங்க? சாதா உப்பா, சோடியம் சல்பேட்டா?" என்று ஆரம்பித்தார். அவள் சொல்லச் சொல்ல இவர் "ஆமா, ஆமா" என்றார். இவர் ஏதோ கேட்க அவள் சிரித்தாள். தமிழில்தான் பேசினாள், நடுவில் ஒரு சொல்கூட மாறாமல்.

அடுக்களைக்குப் போய் அடுப்பைத் தணித்தேன். குக்கர் விசிலடித்தால் அவர்கள் பேசுவது கேட்காது.